ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்: பெல்ஜிய நகரங்களின் ஊடாக ஒரு மொழி வரலாறு

பிரஸ்ஸல்ஸ் மத்திய ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகை முன் நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். ஊர்ப்பெயர்கள் ஒளிர்ந்து மறைந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் ஊரும் இருமுறை வந்தது. புரூக்கெ என்றும் புரூஜ் என்றும் ஒன்று. கெண்ட் என்றும் கான் என்றும் மற்றொன்று. ஒலி நெருக்கத்தால் இவற்றை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால், மோன்ஸ் என்னும் ஊருக்குச் செல்ல வேண்டியவர் டச்சு மொழிப் பலகையில் அப்பெயரைத் தேடினால் கிடைக்காது. பெர்கன் என்ற ஒன்றுதான் இருக்கும். இரண்டும் ஒரே ஊர். இலத்தீனில் மோன்ஸ் என்றால் மலை. டச்சு மொழியில் பெர்கன் என்பதும் மலைகளையே குறிக்கும். திருமறைக்காடு வேதாரணியமான கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கும் எங்களுக்கு, அந்தப் பலகை பழகிய பாடநூல் ஒன்றின் பக்கம் போலவே தோன்றியது.

பெல்ஜியம் மிகச் சிறிய நாடு. பரப்பு ஏறத்தாழ 30,700 சதுர கிலோமீட்டர். தமிழகத்தின் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. மக்கள்தொகை ஒரு கோடியே பதினேழு லட்சத்தை ஒட்டியது. வடக்கே ஃபிளாண்டர்ஸில் டச்சு மொழி, தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு, கிழக்கு ஓரத்தில் ஒரு சிறு நிலப்பகுதியில் ஜெர்மன். தலைநகர் பிரஸ்ஸல்ஸ் இருமொழி நகரம். 1962ஆம் ஆண்டின் சட்டம் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே மொழி எல்லைக் கோட்டினை வரைந்து உறுதிசெய்தது. ஓடும் ரயில் அந்தக் கோட்டைத் தாண்டும்போது பெட்டிக்குள் ஒலிக்கும் அறிவிப்பின் மொழி மாறுகிறது. 2024இல் பிரஸ்ஸல்ஸை நெருங்கிக்கொண்டிருந்த ரயில் ஒன்றில், இன்னும் ஃபிளாண்டர்ஸ் மண்ணைக் கடக்காத நிலையில், டச்சு வணக்கத்தோடு பிரெஞ்சு வணக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்ட பயணச்சீட்டுப் பரிசோதகர்மீது பயணி ஒருவர் மொழிக் கண்காணிப்பு ஆணையத்திடம் முறையிட்டார். இச்செய்தியைப் படித்து உலகம் நகைத்தது. எங்களால் அத்துணை எளிதாக நகைக்க இயலவில்லை. ஒரு வணக்கச் சொல்லுக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினோம். பிரஸ்ஸல்ஸ், புரூஜ், ஆண்ட்வெர்ப், கெண்ட், லூவன் ஆகிய ஐந்து நகரங்களையும் அந்த ஒரு கேள்வியோடு பார்த்து வந்ததன் பதிவே இக்கட்டுரை.

பிரஸ்ஸல்ஸ்: ஊமைப்பெண்ணின் நாடகம்

பெரும் சதுக்கத்தின் பொன்முலாம் பூசிய முகப்புகளைக் காண வருவோர் கூட்டத்திலிருந்து விலகிச் சில நிமிடங்கள் நடந்தால், லா மொனே என்னும் இசைநாடக அரங்கம் வருகிறது. டச்சு மொழியில் அதற்கு தெ மண்ட் என்று பெயர். பெல்ஜியம் என்னும் நாடு பிறந்த இடம் இது என்று சொன்னால் மிகையாகாது.

நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் இந்நிலப்பகுதி நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியமின் ஆட்சிக்குள் வந்தது. கத்தோலிக்கர்களுக்கு அவருடைய சமயப் போக்குப் பிடிக்கவில்லை. நாடாளுமன்றத்தில் தம் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள் இல்லை என்ற குறை தென்பகுதியினருக்கு இருந்தது. ஃபிளமிஷ் மாநிலங்களில் டச்சு மொழியையே ஆட்சிமொழியாக்கிய ஆணை, பிரெஞ்சு பேசிய மேட்டுக்குடியினரைச் சினமுறச் செய்தது. 1830 ஆகஸ்ட் 25 இரவு, ஓபேர் இசையமைத்த 'போர்த்தீசியின் ஊமைப்பெண்' என்னும் நாடகம் இவ்வரங்கில் நடந்தது. ஸ்பானிய ஆட்சிக்கெதிராக நேப்பிள்ஸ் மீனவர்கள் கிளர்ந்த கதை அது. கதைத்தலைவி வாய் பேசாதவள். நாடகம் கண்டு கொதித்த கூட்டம் தெருவில் இறங்கியது, கலகம் புரட்சியாயிற்று, புதிய நாடு பிறந்தது.

விடுதலை பெற்ற நாட்டின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பேசியது டச்சு மொழியின் கிளைவழக்குகளை. ஆனால், சட்டம், நீதிமன்றம், படைத்துறை, உயர்கல்வி யாவும் பிரெஞ்சு மொழியில் அமைந்தன. மொழிப் பயன்பாட்டில் முழு உரிமை உண்டு என்று அரசியலமைப்புக் கூறியது. அந்த உரிமை ஆள்பவனுக்கு உரியதாக இருந்ததேயன்றி, ஆளப்படுபவனுக்குப் பயன்படவில்லை. ஊமைப்பெண்ணின் நாடகத்தால் பிறந்த நாடு, தன் மக்களில் பெரும்பகுதியினரை அலுவலக வாயில்களில் ஊமைகளாக நிறுத்தியது. 1860இல் கூக்கெ, கூத்தல்ஸ் என்னும் ஃபிளமிஷ் தொழிலாளர் இருவர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு ஷார்லெருவா நகரில் தலை வெட்டப்பட்டனர். வழக்கு அவர்களுக்குப் புரியாத பிரெஞ்சு மொழியில் நடந்தது என்ற செய்தி ஃபிளாண்டர்ஸ் முழுதும் பரவி ஆறாப் புண்ணாயிற்று. 1873இல்தான் குற்றவியல் வழக்குகளில் டச்சு மொழிக்கு இடம் தரும் சட்டம் வந்தது. சட்டங்களின் மொழியாக இரண்டும் சமம் என்று அறிவிக்கப்பட்டது 1898இல். அரசியலமைப்பின் டச்சு வடிவம் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட ஆண்டோ 1967. பெரும்பான்மையோரின் மொழியில் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் எழுதப்பட 137 ஆண்டுகள் ஆயின.

பிரஸ்ஸல்ஸ் இதன் விளைவை இன்றும் முகத்தில் தாங்கி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரத்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் டச்சுக் கிளைவழக்கினர். வேலையும் மதிப்பும் பிரெஞ்சு மொழியோடு வந்ததால், சில தலைமுறைகளில் நகரம் மொழி மாறிற்று. எவரும் வாளெடுத்து மாற்றவில்லை. தாய்மாரும் தந்தைமாரும் தம் பிள்ளைகளின் நலம் நாடியே மாறினர். தெருப்பெயர்ப் பலகைகளில் இரு மொழிகளும் உள்ளன; கடைகளில் காதில் விழுவது பெரும்பாலும் பிரெஞ்சே.

புரூஜ்: வாளும் சொல்லும்

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் புரூஜ். இடைக்காலத்தில் வட ஐரோப்பாவின் பெருஞ்சந்தையாக விளங்கிய நகரம். அதைக் கடலோடு இணைத்த ஸ்வின் என்னும் நீர்வழி மண்மேடிட்டுத் தூர்ந்ததால், 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வாணிகம் நலிந்தது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழமை தங்கிற்று. இன்று அந்த வறுமையின் எச்சத்தைக் காணவே உலகம் வருகிறது.

சந்தைச் சதுக்கத்தில் 83 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. 366 படிகள். அதன் முன்னால் யான் பிரெய்தல், பீட்டர் தெ கோனிங்க் என்னும் இருவரின் சிலை. ஒருவர் இறைச்சி வணிகர், மற்றவர் நெசவாளர். 1302 மே 18 விடியற்காலையில், நகரில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படையினரை நகரத்தார் வெட்டிச் சாய்த்தனர். இருளில் பகைவனை எப்படி இனங்கண்டனர்? 'ஸ்கில்ட் என் ஃபிரிண்ட்' – கேடயமும் நண்பனும் – என்ற தொடரைச் சொல்லச் சொன்னார்களாம். பிரெஞ்சு நாவுக்கு அந்தத் தொடக்க ஒலி வாராது. சொல்லத் தடுமாறியவன் செத்தான். இக்கதையின் உண்மை குறித்து ஆய்வாளர்களிடையே ஐயம் உண்டு. ஆயினும் ஃபிளாண்டர்ஸின் பிள்ளைகள் அனைவரும் கேட்டு வளரும் கதை இது.

ழகரத்தைச் சொல்லிக்காட்டிப் பெருமிதம் கொள்ளும் மரபினர் நாம். எனவே முதலில் எங்களுக்கும் கதை சுவைத்தது. பின்னர் எங்களுள் ஒருவர், 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரைப் பிரித்தறிந்த கொடுமையை நினைவூட்டினார். அதன் பிறகு அந்தச் சிலையை நாங்கள் பார்த்த பார்வை வேறாயிற்று. ஒலி ஒன்று உயிர் பறிக்கும் கருவியாகும்போது, அது எம்மொழி ஒலி என்பதில் ஏது பெருமை?

அதே ஆண்டு ஜூலை 11 அன்று கோர்ட்ரைக் நகருக்கருகே ஃபிளாண்டர்ஸின் காலாட்படை, பிரெஞ்சுக் குதிரைவீரர்களை முறியடித்தது. மாண்ட வீரர்களின் குதிமுட்கள் ஐந்நூறு இணை திரட்டப்பட்டுத் தேவாலயத்தில் தொங்கவிடப்பட்டன என்கின்றன பழைய குறிப்புகள். அதனால் அதற்குப் 'பொற்குதிமுட் போர்' என்று பெயர். ஜூலை 11 இன்று ஃபிளமிஷ் மக்களின் திருநாள். ஆயினும் 1302இல் நடந்தது மொழிப்போர் அன்று. ஃபிளமிஷ் படைக்குத் தலைமை ஏற்றவர்களுள் ஒருவர், பிரெஞ்சு வழங்கும் நமூர் பகுதியின் பெயர் தாங்கிய கீ என்னும் பிரபு. டச்சு வழங்கிய பிரபாண்ட் நாட்டுப் பிரபுக்கள் சிலரோ பிரெஞ்சு மன்னரின் பக்கம் நின்று போரிட்டனர். வரிக்கும் வாணிகத்துக்கும் ஆட்சியுரிமைக்கும் நடந்த போரை மொழிப்போராக நினைவில் நிறுத்தியது 19ஆம் நூற்றாண்டு. அதைச் செய்தவர் ஒரு நாவலாசிரியர். அவரை ஆண்ட்வெர்ப்பில் சந்திப்போம்.

புரூஜில் வேறொரு சிலை உண்டு. மணிக்கூண்டுச் சதுக்கத்திற்குச் சிறிது தொலைவில், அமைதியான மற்றொரு சதுக்கத்தில் நிற்கிறார் சைமன் ஸ்டீவின். 1548இல் இந்நகரில் பிறந்த கணித அறிஞர். பின்னர் வடக்கே லெய்டனில் வாழ்ந்தவர். பதின்மப் பின்னத்தை ஐரோப்பாவில் எளியோர்க்கும் கொண்டுசேர்த்த 'தெ தீண்டெ' என்னும் சிறுநூலை அவர் 1585இல் இலத்தீனில் எழுதவில்லை; வணிகனும் நிலம் அளப்பவனும் படிக்கட்டும் என்று டச்சு மொழியில் எழுதினார். அறிவியலுக்குத் தம் மொழியே தக்கது என்று 1586இல் தனியே வாதிட்டார். கணிதத்துக்கு அவர் கண்ட சொல் 'விஸ்குண்டெ' – உறுதியான அறிவு. ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலானவை கிரேக்கச் சொல்லையே திரித்து வழங்க, டச்சுச் சிறுவர்கள் இன்றும் ஸ்டீவினின் சொல்லைச் சொல்லியே கணக்குப் பாடம் படிக்கிறார்கள். முதற்சிலையின் முன் கூட்டம் நெருக்கியடித்தது. இரண்டாம் சிலையைச் சுற்றி மிதிவண்டிகள் நின்றன. மொழி பிழைத்திருப்பது எவரால் என்று எங்களைக் கேட்டால், மிதிவண்டிகளுக்கு நடுவில் நிற்பவரையே சுட்டுவோம்.

ஆண்ட்வெர்ப்: பிழைதிருத்துநரின் அறை

ஆண்ட்வெர்ப்பின் வைரக் கடைகளைத் தாண்டி நாங்கள் தேடிச் சென்றது ஓர் அச்சகத்தை. 1555இல் அச்சுத்தொழிலைத் தொடங்கிய கிறிஸ்தோஃப் பிளாந்தன், பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர். அவருக்குப் பின் மருமகன் மொரேட்டஸின் வழியினர் தொழிலைத் தொடர்ந்து, 1876இல் வீட்டையும் அச்சகத்தையும் நகரத்துக்கு விற்றனர். இன்று பிளாந்தன்–மொரேட்டஸ் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வீட்டை, 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. 1600ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த இரண்டு அச்சுப்பொறிகள் அங்கு உள்ளன. உலகில் எஞ்சியிருப்பவற்றுள் இவையே மிகப் பழையவை. ஹீப்ரு, கிரேக்கம், இலத்தீன், அரமேயம், சிரியாக் ஆகிய ஐந்து மொழிகளில் எட்டுத் தொகுதிகளாக விவிலியத்தை 1568 தொடங்கி 1573க்குள் இங்கு அச்சிட்டனர். இப்பணி முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியதை நாங்கள் எண்ணிக்கொண்டோம். அச்சு எத்துணை விரைவாக உலகைச் சுற்றியிருக்கிறது!

ஆயினும் எங்கள் மனத்தைப் பிடித்து நிறுத்தியது பிழைதிருத்துநர்களின் சிறு அறை. சன்னலோரம் கருவாலி மரத்தாலான பழைய மேசை. கொர்னேலிஸ் கிலியான் என்பவர் பிளாந்தனின் அச்சகத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணிபுரிந்தார். அச்சுக் கோப்பாளராகத் தொடங்கிப் பிழைதிருத்துநர் ஆனவர். பிறர் நூல்களில் பிழை திருத்திய நேரம் போக, டச்சுச் சொற்களைத் திரட்டி இலத்தீன் விளக்கத்தோடு 1574இல் ஓர் அகராதி வெளியிட்டார். அதை விரித்து விரித்து 1599இல் சொற்பிறப்பியல் அகராதியாக்கினார். டச்சு மொழியின் அகராதிக் கலைக்கு அதுவே அடித்தளம். அதற்கு ஊக்கமும் இடமும் அளித்தவர், டச்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிரெஞ்சுக்காரர் பிளாந்தன் என்பதை மறந்துவிடலாகாது. புரூஜின் ஸ்டீவினது 'தெ தீண்டெ'யும் பிளாந்தனின் லெய்டன் அச்சகத்தில் அச்சானதே.

அந்நூல் வெளிவந்த அதே 1585இல் ஆண்ட்வெர்ப் வீழ்ந்தது. ஸ்பானிய மன்னரின் படை நகரைக் கைப்பற்றியது. சீர்திருத்தச் சமயத்தார் நான்கு ஆண்டுகளுக்குள் வெளியேற வேண்டும் என்றாயிற்று. வணிகரும் கைவினைஞரும் அச்சாளரும் ஆசிரியரும் வடக்கே ஆம்ஸ்டர்டாமுக்கும் லெய்டனுக்கும் சென்றனர். நகரின் மக்கள்தொகை பாதியாயிற்று. ஷெல்ட் ஆற்றின் வழியே கடலுக்குச் செல்லும் வாணிகத்தை வடக்கத்தியர் அடைத்தனர். டச்சு மொழியின் இலக்கிய வாழ்வு அன்று வடக்கே பெயர்ந்தது. அது பிறந்து வளர்ந்த ஃபிளாண்டர்ஸிலோ, உழவர் மொழியாகவும் வேலைக்காரர் மொழியாகவும் தாழ்ந்தது. 1830இல் பிரெஞ்சுக்கு அவ்வளவு எளிதில் அரியணை கிட்டியதன் வேர் 1585இல் இருக்கிறது.

அந்தத் தாழ்விலிருந்து குரல் எழுப்பியவர்களுள் ஒருவர் ஹென்ட்ரிக் கொன்சியன்ஸ். 1812இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஃபிளமிஷ் பெண். 1830 புரட்சியில் டச்சு மன்னருக்கெதிராகப் போராடியவர். எட்டாண்டுகள் கழித்து, 1838இல், தாயின் மொழியில் 'ஃபிளாண்டர்ஸின் சிங்கம்' என்னும் வரலாற்று நாவலை எழுதினார். கோர்ட்ரைக் வெற்றியை ஃபிளமிஷ் வீட்டுக் கதையாக்கியது இந்நூலே. தம் மக்களுக்குப் படிக்கக் கற்பித்தவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். வரலாற்றைப் பிழைபடச் சொன்னார் என்று நாங்கள் குறைகூறத் தயங்கினோம். படிப்பதற்கே ஒன்றும் இல்லாத மக்களுக்கு முதல் புத்தகம் கொடுத்தவரை வேறு எப்படி எடைபோடுவது?

கெண்ட்: பாடம் சொல்லும் மொழி

கெண்டின் தூய பாவோ பேராலயத்தில், வான் ஐக் உடன்பிறந்தார் வரைந்து 1432இல் நிறைவுற்ற பலிபீட ஓவியம் உள்ளது. அதைக் கண்டபின் வெளியே வந்தால், பழைய கோபுரங்கள் மூன்றும் வரிசையாகத் தெரிகின்றன. நான்காவது கோபுரம் சற்றுத் தள்ளி, 64 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அது தேவாலயம் அன்று, பல்கலைக்கழக நூலகம். ஹென்றி வான் தெ வெல்டெ வடிவமைத்தது. 1936இல் பணி தொடங்கிற்று. 'புத்தகக் கோபுரம்' என்றே அதற்குப் பெயர்.

நகரின் அறிவுலகம் இரு மொழிகளுக்கிடையே எப்படிக் கிழிபட்டது என்பதற்கு மொரீஸ் மேத்தர்லிங்க் சான்று. 1862இல் கெண்டில் பிறந்த ஃபிளமிஷ்காரர். எழுதியது பிரெஞ்சில். 1911இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பெல்ஜியத்திற்கு அப்பரிசு வேறெவராலும் வரவில்லை. வசதியுள்ள ஃபிளமிஷ் வீட்டுப் பிள்ளைக்குக் கல்வியின் மொழி பிரெஞ்சாக இருந்த காலம் அது. ஆனால் இடைக்கால டச்சு ஞானி ரூஸ்புரூக்கின் நூலொன்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1891இல் வெளியிட்டவரும் அவரே. தாய்மொழியை விட்டுச் சென்றவர் என்று அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கெண்ட் பல்கலைக்கழகத்தை 1817இல் நிறுவியவர் முதலாம் வில்லியம். முதலில் இலத்தீனிலும், 1830க்குப் பின் பிரெஞ்சிலும் பாடம் நடந்தது. ஃபிளாண்டர்ஸின் நடுவே இருந்த பல்கலைக்கழகத்தில் ஃபிளாண்டர்ஸின் மொழிக்கு இடமில்லை. டச்சு மொழியில் உயர்கல்வி வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகள் ஒலித்தது. முதல் உலகப்போரில் நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியர், பெல்ஜியரைப் பிளவுபடுத்தும் நோக்கோடு 1916இல் அதை டச்சு மொழிப் பல்கலைக்கழகமாக்கினர். நியாயமான கோரிக்கை பகைவன் கையால் நிறைவேறியது. ஏற்றவர்கள் துரோகிகள் எனப்பட்டனர். போர் முடிந்ததும் அது கலைக்கப்பட்டது. பிறகு 1923இல் பாதி டச்சு, பாதி பிரெஞ்சு என்ற அரைகுறை ஏற்பாடு. இறுதியாக 1930இல், நாடு பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, கெண்ட் முழுமையாக டச்சு மொழிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல் துணைவேந்தர்ப் பொறுப்பினை ஏற்றவர் எழுத்தாளரும் கலை வரலாற்றறிஞருமான ஆகஸ்ட் வெர்மெய்லன்.

புத்தகக் கோபுரத்தின் அடியில் நின்றபோது எங்களுக்குப் பெருமிதம் மிகுந்தது. ஒரு மொழி வாழ்வதற்கு மன்னன் வேண்டா. மருத்துவமும் பொறியியலும் அம்மொழியில் சொல்லிக்கொடுக்கப்பட வேண்டும். ஸ்டீவின் கண்ட சொற்களும் கிலியான் தொகுத்த சொற்களும் முந்நூறாண்டு காத்திருந்து, கடைசியில் ஒரு வகுப்பறைக்குள் நுழைந்த இடம் இது. மேடை இருந்திருந்தால் அன்று மூவரும் பேருரை ஆற்றியிருப்போம்.

லூவன்: நூல்களைப் பங்கிட்ட கதை

மறுநாள் லூவன் சென்றோம். 1425இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் இந்நகரின் உயிர்நாடி. 1914 ஆகஸ்ட் 25 இரவு – நாடக அரங்கில் புரட்சி மூண்ட அதே தேதி – ஜெர்மானியப் படை நகருக்குத் தீயிட்டபோது பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. இரண்டரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரையிலான நூல்களும் அரிய கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. உலகம் அதிர்ந்தது. வெர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் பிரிவு, எரித்தவற்றுக்கு ஈடாக நூல்களை ஜெர்மனி தர வேண்டும் என்றது. கெண்ட் பலிபீட ஓவியத்தின் பெர்லினிலிருந்த பலகைகள் திரும்பி வந்ததும் இதே பிரிவின்படிதான். அமெரிக்க மக்களின் நன்கொடையால் புதிய நூலகக் கட்டடம் 1928இல் எழுந்தது. 1940 மே மாதம், மீண்டும் போர்; மீண்டும் தீ. இம்முறை எரிந்தவை ஏறத்தாழ ஒன்பது லட்சம் நூல்கள். மறுபடியும் கட்டினார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நெஞ்சில் சுமக்கும் எவரும் அந்தக் கட்டடத்தின் முன் சற்று நேரம் பேசாமல் நிற்பர்; நாங்களும் நின்றோம்.

ஆனால் லூவன் நூலகத்தின் மூன்றாவது இழப்பு தீயால் நேரவில்லை.

லூவன் ஃபிளாண்டர்ஸில், மொழி எல்லைக்கு வடக்கே இருக்கிறது. பல்கலைக்கழகமோ இருமொழியில் இயங்கியது. பிரெஞ்சுப் பிரிவு வளர வளர, பிரெஞ்சு பேசும் பேராசிரியர் குடும்பங்களும் அவர்களுக்கான பள்ளிகளும் பெருகின. பிரஸ்ஸல்ஸ் மொழி மாறிய கதையை அறிந்தவர்கள், அடுத்தது லூவன் என்று அஞ்சினர். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 1966இல் ஆயர்கள், பல்கலைக்கழகம் பிரிக்கப்படாது என்று அறிவித்தனர். மாணவர்கள் வீதிக்கு வந்தனர். 1968இன் தொடக்கத்தில் 'வலோனியரே, வெளியேறுங்கள்' என்ற முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது. பிப்ரவரியில் அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. டச்சுப் பல்கலைக்கழகம் லூவனில் தங்கிற்று. பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கு மொழி எல்லைக்குத் தெற்கே வயல்வெளியில் ஒரு புதிய ஊரையே கட்டினார்கள். 1971இல் அடிக்கல் நாட்டிய அவ்வூருக்கு லூவேன்–லா–நோவ், அதாவது 'புதிய லூவன்', என்று பெயர்.

கட்டடத்தைப் பெயர்க்க முடியாது, நூல்களைப் பெயர்க்கலாம். இருமுறை எரிந்து, உலகம் இரங்கிக் கொடுத்த நூல்களால் நிறைந்த அந்த நூலகத்தையும் பங்கிட்டார்கள். எந்தப் பிரிவுக்குரியது என்று தெளிவாகச் சொல்ல முடியாத நூல்களுக்கு ஒரு வழி கண்டனர்: அடுக்கு எண் ஒற்றைப்படையானால் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, இரட்டைப்படையானால் மற்றதற்கு. ஆசிரியர் யார், பொருள் யாது, எந்த நூல் எதன் துணைநூல் என்று எண் பார்க்காது.

முதல் நாள் கெண்டில் பெருமிதம் கொண்ட நாங்கள், இங்கே வாயடைத்து நின்றோம். எங்களுள் ஒருவர் சொன்னார்: பிரிந்திராவிட்டால் லூவன் மற்றொரு பிரஸ்ஸல்ஸ் ஆகியிருக்கும்; நூல்களைக் காத்து நகரை இழப்பதா? மற்றவர் மறுத்தார்: வகுப்பறையைப் பிரித்தது உரிமை, நூலடுக்கைப் பிரித்தது சினம். மூன்றாமவர் கேட்டது ஒரே கேள்வி: கெண்டில் கைதட்டியவர்களும் லூவனில் எண் பார்த்துப் பிரித்தவர்களும் வேறுவேறு மனிதர்களா? ஒரே இயக்கம்தானே? விடை சொல்ல எவராலும் முடியவில்லை.

பிளவு நூலகத்தோடு நிற்கவுமில்லை. 1968க்கும் 1978க்கும் இடையே கிறித்தவ ஜனநாயகர், தாராளவாதிகள், சமதர்மத்தார் என நாட்டின் பெருங்கட்சிகள் மூன்றும் மொழிவழியே இரண்டிரண்டாயின. 1993இல் பெல்ஜியம் கூட்டாட்சி நாடாயிற்று. 2010 தேர்தலுக்குப் பின் அரசமைக்க 541 நாட்கள் ஆயின. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இத்தனை பிணக்கிலும் மொழியின் பொருட்டு உள்நாட்டுப் போர் அங்கே மூளவில்லை. நூல்களைப் பங்கிட்டார்கள், எரிக்கவில்லை.

லூவன் மாணவர் ஒருவர்

இவ்விடத்தில் இந்தியா அறிந்த ஒருவரை நினைவுகூரல் தகும். காமில் புல்கே 1909இல் ஃபிளாண்டர்ஸின் ராம்ஸ்கபெலெ என்னும் சிற்றூரில் பிறந்தார். பெயரில் 'ராம்' இருந்தது தற்செயலே. லூவனில் பொறியியல் பயின்றபோது ஃபிளமிஷ் மொழி இயக்கத்தின் தாக்கம் அவரைப் பற்றியது. பின்னர் இயேசு சபையில் சேர்ந்து 1935இல் இந்தியா வந்தார். இங்கே படித்தவர்கள் தம் மொழியை விட்டு ஆங்கிலத்தில் பெருமை காண்பதைப் பார்த்தபோது, தம் ஊரில் பிரெஞ்சு பெற்றிருந்த இடம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் அளிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், இந்தியிலேயே எழுதி அளிக்க இசைவு பெற்றார். இராமகதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்த அந்நூல், கம்பரையும் உள்ளிட்டுப் பல மொழி இராமாயணங்களை ஒப்பிட்டது. 1968இல் அவருடைய ஆங்கில–இந்தி அகராதி வெளிவந்தது; 1974இல் பத்மபூஷண் விருது பெற்றார்; 1982இல் மறைந்தார்.

அவர் ஆங்கில–இந்தி அகராதி வெளியிட்ட அதே 1968இல்தான், அவர் படித்த லூவன் வீதிகளில் வெளியேறச் சொல்லும் முழக்கம் எழுந்தது. தாய்மொழிப் பற்று ஒருவரை மற்றொரு மொழிக்கு அகராதி செய்ய அனுப்பியது. அதே பற்று வேறு சிலரை அடுக்கு எண் பார்க்க அனுப்பியது. இந்தி என்றவுடன் தமிழருக்கு எழும் உணர்வுகள் எங்களுக்கும் உண்டு. எனினும், தம் மொழி பட்ட துன்பத்தை அறிந்த ஒருவர் பிறமொழியின் துன்பத்தையும் கண்டுகொண்டார் என்பதை மதிக்க அவ்வுணர்வுகள் தடையாகலாகாது. பிளாந்தனின் அச்சகத்தில் கிலியானுக்குக் கிடைத்த மேசையும் இத்தகையதே.

லூவனிலிருந்து ஒட்டிஞீ வரை சிறு ரயில் ஒன்று செல்கிறது. அங்கு வண்டி மாறினால் லூவேன்–லா–நோவ் அடையலாம். நடுவழியில் அறிவிப்பு டச்சிலிருந்து பிரெஞ்சுக்கு மாறிற்று. சன்னலுக்கு வெளியே எந்தக் கோடும் இல்லை. அதே பசும்புல், அதே மாடுகள். இறங்கிய ஊரில் எதுவும் எங்கள் வயதுக்கு மிகுதியாக மூத்ததன்று. செங்கல் கட்டடங்களுக்கிடையே மாணவர்கள் உரத்த குரலில் பேசிச் சென்றனர். 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அடுத்தடுத்த நாட்களில் இரு ஊர்களுக்கும் வந்தார். 1425இல் பிறந்த ஒரே பல்கலைக்கழகத்தின் அறுநூறாம் ஆண்டு நிறைவை ஒட்டிய வருகை; அதை இரண்டு பல்கலைக்கழகங்கள் தனித்தனியே வரவேற்றன.

நூலகத்துள் சென்று இரட்டைப்படை எண்ணிட்ட நூலொன்றையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று புறப்படும்போது பேசியிருந்தோம். அங்குச் சென்றபின் எவருக்கும் மனம் வரவில்லை. வெளியே மரப்பலகை ஒன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம்.